நாலு மூலையிலும் மஞ்சள்

“அதை ஏண்டி எடுத்தே? வை அங்கே. உனக்கு எதுக்கு அந்தக் கதை? தெரிஞ்சு என்ன பண்ணப்போறே, பேப்பர்ல போடப்போறியா?”

பேத்தி கவரைக் கீழே வைக்கவில்லை. மண்டலையிலிருந்து நாலு நாள் லீவில் வந்தவள், வந்த அன்றைக்கே என் இரும்புப் பெட்டியைக் குடைய ஆரம்பித்துவிட்டாள். என் சேலைகளுக்கு அடியில் கிடந்தது அந்தக் கவர். பெரிய பழுப்புக் கவர். நாலு மூலையிலும் மஞ்சள். வாயை ஒட்டிய இடத்தில் ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை.

“இது மாடியில இருந்த சயாமாவோட கவர்தானே ஆயா? அமெரிக்காவுக்கு அனுப்ப வாங்கினது? அவங்க ஏன் போகலை? அம்மாகிட்ட கேட்டா, ஆயாகிட்டயே கேளுங்குது.”

“கல்யாண வயசுல இருக்கிறவளுக்குக் கேக்க வேற கேள்வியே கிடைக்கலையா? எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேணும்னு கேளு, விடிய விடியச் சொல்றேன்.”

அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிடிவாதம் என் பக்கத்துச் சொத்து. யாரைக் குறை சொல்வது?

சயாமா என்றால் எங்கள் ஊரில் டீச்சரம்மா. எங்கள் வீட்டு மாடியறையில் எட்டு வருஷம் குடியிருந்தாள். அவள் பெயரைச் சொல்லமாட்டேன். ஒரு பெயரைச் சொன்னால் அது எங்கெங்கோ போய் நிற்கிற ஊர் இது. நம் தமிழ்ப் பெண்தான். தாத்தா காலத்தில் ரயில்வேக்கு வந்த குடும்பம். வயது நாற்பதுக்குள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டால், “பெண் பார்க்க வந்தவங்க எல்லாரும் ஜாதகத்துல கூட்டல் தப்பா போட்டிருந்தாங்க ஆயா” என்பாள். விளையாட்டாகச் சொன்னாளா, உண்மையாகவே கூட்டிப் பார்த்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கணக்கு டீச்சர். கன்னத்தில் தனாக்கா மரச்சாந்து பூசினால்கூட இரண்டு பக்கமும் அடிக்கோல் வைத்து அளந்ததுபோல் இருக்கும். கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. எங்கள் தின்கன்ஜூன் பேட்டையில் கரண்ட் எந்த மணிக்கு வரும், எந்த மணிக்குப் போகும் என்று ஒரு அட்டவணை போடுவார்கள். அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும், கரண்ட் பாட்டுக்கு வேறு பக்கம் போகும். நாங்கள் எல்லோரும் திட்டிவிட்டு விசிறியை எடுப்போம். அவள் அந்த அட்டவணையை எழுதி எங்கள் மாடிப்படியில் ஒட்டினாள். சொன்ன நேரத்துக்கு வந்தால் சரிக்குறி. வராவிட்டால் தப்புக்குறி. கரண்ட் வந்ததும் தெருவே “மீ லாபீ! மீ லாபீ!” என்று கூவிக் கைதட்டும். அவள் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறப்பாள். மாதம் முடிந்தால் நூற்றுக்கு எவ்வளவு என்று மார்க் போட்டு வட்டமிடுவாள். கரண்டுக்காரர்கள் ஒரு மாதம்கூடப் பாஸாகவில்லை.

“இதையெல்லாம் யாரும்மா வந்து பாக்கப்போறா?” என்று கேட்டேன்.

“நான் பாத்துட்டேனே ஆயா.”

அவளிடம் எதைக் கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான். நான் பாத்துட்டேனே. ஊரே பார்க்காவிட்டாலும் அவள் பார்த்துவிட்டால் போதும், அது நடந்ததாகிவிடும். நடக்காததுபோல் இருக்க அவளுக்கு வராது. அது ஒரு வியாதி. மருந்து கிடையாது.

இந்தப் பேத்தியே அவளிடம் பட்டவள்தான். எட்டாம் வகுப்பில் எங்களோடு இருந்து படித்தாள். சாயங்காலம் மாடியில் டியூஷன். ஒருநாள் பரீட்சையில் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து மூன்று கணக்கு எழுதிவிட்டாள். சயாமா முழுத்தாளுக்கும் சைபர் போட்டாள். நான் விடுவேனா? ஆற்று உல்லம் மீன் வாங்கி, புளி கரைத்துக் குழம்பு வைத்து, தூக்குச் சட்டியோடு மாடியேறினேன்.

“மூணு கணக்குத்தானே காப்பி. மீதி ஏழும் அவளே போட்டது. அதுக்காவது மார்க் போடும்மா. சின்னப் புள்ள.”

அவள் சட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள். “குழம்பு பிரமாதம் ஆயா” என்றாள். ஒரு துண்டு மீன் விடாமல் சாப்பிட்டாள். சட்டியைக் கழுவிக் கொடுத்தாள். சைபர் அப்படியே இருந்தது.

“அந்தக் குழம்பு எனக்கு ஒரு வாய்கூடக் கிடைக்கலை” என்றாள் பேத்தி இப்போது.

“சைபர் வாங்கினவளுக்கு முள்ளே அதிகம். பேசாம கேளு.”

பரீட்சை ஹாலிலும் அவள் அப்படித்தான். கேள்வித்தாள் கட்டு அரக்கு முத்திரை வைத்து வரும். மற்றவர்கள் கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அவள் கட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்து, முத்திரை உடையாமல் இருக்கிறதென்று எழுதிவிட்டுத்தான் பிரிப்பாள். ஒரு வருஷம் ஒரு கட்டில் அரக்கு விரிசல் விட்டிருந்தது. பிரிக்கமாட்டேன் என்றுவிட்டாள். பிள்ளைகள் பேனாவோடு காத்திருக்க, பெரிய அதிகாரி வந்து, வெயிலில் விரிந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். சொல்லிப் பார்த்துப் பலனில்லாமல் கத்தியும் பார்த்தார். “விரிஞ்சிருக்குன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போடுங்க சார், பிரிக்கிறேன்” என்றாள். போட்டார். அடுத்த வருஷம் அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். தினமும் காலையில் க்யிம்யிண்டைங் ஜெட்டிக்குப் போய்ப் படகேறுவாள். படகில் உட்கார்ந்தே நோட்டுத் திருத்துவாள். படகு ஆடி எழுத்துக் கோணலாகப் போனால், பக்கத்தில் ‘படகு’ என்று எழுதிவைப்பாள், பிள்ளைகள் தப்பாக நினைக்கக் கூடாதென்று.

பிறகு பட்டாளத்துக்கு ஆட்சி மாறிய வருஷம் வந்தது. வேலைக்குப் போகாமல் நின்ற வாத்தியார்களில் அவளும் ஒருத்தி. “ஏம்மா போகலை?” என்று கேட்டேன். “நான் பாத்துட்டேனே ஆயா” என்றாள். என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்துகொள்ள அந்தப் படிப்பே போதும்.

வேலை போனது. டியூஷனுக்கு வந்த பிள்ளைகளும் ஒவ்வொன்றாக நின்றன, பெற்றவர்களுக்குப் பயம். அரசாங்கப் பள்ளிக்கூட டீச்சர்களுக்கு வெள்ளைச் சட்டை, இடுப்பில் சுற்றிக்கட்டப் பச்சைத் தமேன். ஞாயிற்றுக்கிழமையானால் அவள் அந்தப் பச்சைத் தமேனை எடுத்து இஸ்திரிப் பெட்டி போடுவாள். திங்கட்கிழமை போவதற்கு இடமில்லை. ஆனாலும் பெட்டி போடுவாள், மடிப்பாள், வைப்பாள். ஒருநாள் கேலியாக, “கல்யாணத்துக்குக் கட்டிக்கிறதா இருக்கியா?” என்று கேட்டேன். “பாடம் நடத்தணும் ஆயா” என்றாள். “வேற ஒண்ணும் வேணாம். ஒரு போர்டு, ஒரு சாக்கட்டி, நாப்பது புள்ளைங்க.” கேலி செய்த வாய் எனக்கு அன்றைக்குக் கசந்தது.

அப்போதுதான் அமெரிக்கா வந்தது. அவளோடு வேலை பார்த்த ஒருத்தி முன்னாலேயே அங்கே போயிருந்தாள். அவள் இருக்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஆள் இல்லையாம். லைசென்ஸ் மட்டும் வாங்கிவிட்டால் எடுத்துக்கொள்வார்களாம். ஆனி மாதம் முடிகிறவரை இடம் காலியாக வைத்திருப்பார்களாம்.

“வாத்தியார் வேலைக்கு லைசென்ஸா? நீ என்ன லாரியா ஓட்டப்போறே?”

அவளே பொறுமையாகச் சொன்னாள். நம் ஊர்ப் படிப்பு அங்கே எத்தனை படி தேறும் என்று எடை போட ஒரு கம்பெனி இருக்கிறது. அது நிறுத்துச் சொன்னால்தான் லைசென்ஸ் ஆபீஸ் கதவைத் திறக்கும். அது தவிர இங்கிலீஷ் பரீட்சை, அதையும் எழுதினாள், பாஸ். போலீசுக்குக் கைரேகை. அதற்கு மூன்று தரம் போனாள். இருபது வருஷம் சாக்கட்டி பிடித்த விரலில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. “இவ்வளவு நல்ல விரலை வச்சுக்கிட்டு நீ திருடப் போயிருக்கலாம்” என்றேன். அன்றைக்குச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

எல்லாவற்றிலும் பெரிது மார்க் பட்டியல். அது சர்வகலாசாலையே கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் முத்திரை குத்தித் தரவேண்டும். அந்த ஒட்டுப் பிரியாமல் அமெரிக்கா போகவேண்டும். அங்கே ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள் இவளிடம் படித்த பெண். விண்ணப்பத்தை அடியில் போடாமல் மேலே வைத்து, முறைப்படிதான், சீக்கிரம் முடித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கவர் வீட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை கூரியரில் அனுப்பவேண்டும். “ஆயா, இதை யாரும் பிரிக்கக்கூடாது” என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். மாடியில் மழை ஒழுகும். என் அலமாரிதான் பத்திரம் என்று நினைத்தாள். கணக்கு டீச்சர் போட்ட ஒரே தப்புக் கணக்கு.

நம் வீடுகளில் எந்தக் காகிதம் வந்தாலும், கல்யாணப் பத்திரிகை ஆகட்டும், ஜாதகம் ஆகட்டும், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அம்மன் காலடியில் வைத்து எடுக்காமல் நான் வெளியே அனுப்பினதில்லை. இது கடல் தாண்டிப் போகிற காகிதம். சும்மா விடலாமா? கவரின் நாலு மூலையிலும் தடவினேன். தடவி முடித்த பிறகுதான் யோசனை வந்தது. அமெரிக்காக்காரன் கவரைக் கிழித்துக் குப்பையில் போடுவான். அதோடு மஞ்சளும் போகும். காகிதம் வெறும் காகிதமாக அவன் மேஜைமேல் கிடக்கும். காகிதத்தில் வைத்தால்தானே நிற்கும்?

யாரும் என்றால் அந்நியர் என்று நான் எடுத்துக்கொண்டேன். இல்லை, அதுகூடப் பொய். நன்றாகத்தான் காதில் விழுந்தது. சொன்னதைக் கேட்பதும் கேட்டபடி நடப்பதும் எனக்கு எப்போதும் வேறு வேறு.

சோறு கொதிக்கிற பானைக்கு மேலே கவரைப் பிடித்தேன். ஆவியில் பசை இளகிக் கொடுத்தது. உள்ளே மூன்று தாள். ஒரு எழுத்தும் புரியவில்லை. மூலைக்கு மூலை கொஞ்சமாக மஞ்சள் வைத்தேன். திரும்ப உள்ளே போட்டு, சோற்றுப் பசையால் ஒட்டி, அம்மிக் குழவியைப் பாரம் வைத்தேன். காய்ந்ததும் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. அப்படி ஒரு கைவேலை. பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் முந்தானைக்குள் வைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தேன்.

“என்ன வேண்டிக்கிட்டே ஆயா?” என்றாள் பேத்தி.

நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று வேண்டினேன். உன் அம்மாவும் மண்டலைக்குப் போய்விட்டாள், நீயும் இல்லை, மாடியில் அவள் செருப்புச் சத்தமும் இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு வம்பு பேசுவது, கொஞ்ச நாள் கழித்துப் போகட்டுமே என்றும் வேண்டினேன். ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டேன். அம்மனுக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை காலை. அவள் வெள்ளைச் சட்டையும் பச்சைத் தமேனும் கட்டிக்கொண்டு வந்தாள், கூரியர் ஆபீசுக்குப் போக. கவரை எடுத்துக் கொடுத்தேன். மூலையில் மஞ்சளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, பழக்கதோஷம், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினாள்.

முத்திரையில் பாதி மூடிமேலும் பாதி கவர்மேலும் இருக்கிறது. இரண்டும் சேருகிற இடத்தில் வட்டம் ஒரு நூல் நகர்ந்திருந்தது. ஒரு நூல்தான். அவள் கவரை மூக்கருகே கொண்டுபோனாள்.

“கஞ்சி வாசம் வருது ஆயா.”

“மழைக்காலம். எல்லாத்துலயும்தான் ஏதாவது வாசம் வருது.”

அவள் என்னையே பார்த்தாள். எழுபது வயதில் நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைபோல் தலையைக் குனிந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பானை, பசை, குழவி, அம்மன் எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். உட்கார்ந்து கவரை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மாடி, நான் ஒட்டினது எனக்கே தெரியலை. அனுப்பிடு. அவன் என்ன, மோந்தா பாக்கப்போறான்? உள்ள இருக்கிற மஞ்சளைப் பாத்தா, அந்த ஊர்க் காகிதமே அப்படித்தான் போலன்னு நினைச்சுக்குவான்.”

“கூடவே ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டு அனுப்பணும் ஆயா. என் கையில வந்ததுலேருந்து யாரும் பிரிக்கலைன்னு.”

“போடேன். ஒரு கையெழுத்து. யாருக்குத் தெரியும்?”

“நான் பாத்துட்டேனே.”

அமெரிக்காவிலிருந்து அவள் சிநேகிதி போனில் கத்தினாள், அனுப்பித் தொலை என்று. இவள் கேட்கவில்லை. போனிலேயே அந்தக் கம்பெனிக்கு எழுதினாள். எழுதியதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். கவர் பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டது, தாள்களில் ஒரு எழுத்தும் மாறவில்லை, இதை ஏற்றுக்கொள்வீர்களா.

“என் பேரையும் போடு. அமெரிக்காவுல நாலு பேருக்குத் தெரியட்டும்” என்றேன். நடுங்குகிறபோதுதான் எனக்கு வேடிக்கை நிறைய வரும்.

“யார் பிரிச்சாங்கன்னு எழுதலை ஆயா. அவங்க அதைக் கேக்கமாட்டாங்க.”

ஐந்து நாளில் பதில் வந்தது. மரியாதையான பதிலாம். பிரித்த கவர் செல்லாது, புதிதாக வாங்கி அனுப்புங்கள். அவ்வளவுதானே என்று எனக்கு உயிர் வந்தது. நானும் கூடவே சர்வகலாசாலைக்குப் போனேன். என்னால் போனதை நான் அழுது வாங்கிவிடலாம் என்று நினைப்பு.

ஜன்னலில் அதே பெண். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்து, சுவரோரமாக நிறுத்தி, தாழ்ந்த குரலில் பேசினாள். போன வாரம் ஒரு பட்டியல் வந்திருக்கிறது. வேலைக்குத் திரும்பாத வாத்தியார்கள் யாருக்கும் இனி எந்தக் காகிதமும் கிடையாது. சயாமா பெயரும் இருக்கிறது.

“முந்தின தேதி போட்டுத் தரேன் சயாமா. பட்டியல் வர்றதுக்கு முன்னாடியே நீங்க ரெண்டாவதும் கேட்ட மாதிரி எழுதிடலாம். எனக்குத் தெரியும், எப்படிச் செய்யணும்னு.”

சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை இவள் எட்டிப் பார்த்தாள். தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள்.

“பாத்துட்டேனே. அப்புறம் எப்படி முந்தின தேதி? உனக்குக் கைக்குழந்தை இருக்கு. போய் உக்காரு, ஜன்னல்ல ஆள் நிக்குது.”

பஸ்ஸில் வரும்போது நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். எதைப் பற்றியென்று இப்போது நினைவில்லை. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆனி முடிந்தது. அந்தப் பள்ளிக்கூடம் வேறு யாரையோ எடுத்துக்கொண்டது.

அடுத்த தையில் மாடியைக் காலி செய்தாள். ஊர்க்கோடியில், லைங் தாயாவில் ஒரு சட்டைக் கம்பெனியில் வேலை. தைத்து வருகிற சட்டையில் தையல் சரியா என்று பார்த்து, தப்பிருந்தால் சாக்கட்டியால் குறி போடவேண்டும். சாக்கட்டி கிடைத்துவிட்டது பார் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்த ஒரு வேடிக்கையை மட்டும் நான் விழுங்கிவிட்டேன். ஒருதரம் போய்ப் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து நூறு பெண்களோடு இறங்கினாள். தலையெல்லாம் பஞ்சு. “சட்டை எல்லாம் எந்த ஊருக்கும்மா போகுது?” என்று கேட்டேன். “சாப்பிட்டீங்களா ஆயா?” என்றாள். கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லாதது அன்றைக்குத்தான்.

பச்சைத் தமேன் எங்கே என்று நான் கேட்கவில்லை.

காலி செய்த அன்று மாடிப்படி அட்டவணையைக்கூடக் கிழித்து, சுவரைத் துடைத்துவிட்டுப் போனாள். கடைசியாக இந்தக் கவரை என் கையில் கொடுத்தாள். “மஞ்சள் வச்சதைக் குப்பையில போடக்கூடாதுன்னு சொல்வீங்களே. நீங்களே வச்சுக்கங்க” என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று நான் இத்தனை வருஷமாகத் தேடுகிறேன். இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அப்போ தெருவுல யாருக்கும் தெரியாதா ஆயா?” என்றாள் பேத்தி. கவரை இப்போது இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

தெரியாது. சர்வகலாசாலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அன்றைக்கே தெரிந்திருக்கவேண்டியது. தெருமுனைக் குழாயடியில் ராஜம்மாவும் இன்னும் மூன்று பேரும் குடத்தோடு நின்றார்கள். ராஜம்மா வாயில் ஒரு சேதி விழுந்தால் கோவில் மைக்கே தேவையில்லை. “என்ன சயாமா, எப்போ விமானம்?” என்று கூப்பிட்டாள். இவளுக்குத்தான் பொய்யே வராதே. கேட்டால் சொல்லிவிடுவாள், பானை, பசை, குழவி எல்லாம். நாளையிலிருந்து இந்தத் தெருவில் நான் எந்த முகத்தோடு தண்ணீர் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

அவள் நின்றாள். என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். ராஜம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“நான் போகலைக்கா. அங்க குளிரு அதிகமாம், எனக்கு ஒத்துக்காது. நானே வேணாம்னு எழுதிப் போட்டுட்டேன். ஆயாதான் பாவம், போ போன்னு கோவில்ல எல்லாம் வச்சுக் கும்பிட்டாங்க.”